குறிப்பேடு ஒரு வழித்துணை

புனித நாட்டுக்குத் திருயாத்திரை சென்று திரும்பியவர் வீட்டில், அவர் வந்து சேர்ந்த மறுநாள் மாலையே அயலார் கூடிவிடுவது நம் பங்குகளில் வழக்கம். யோர்தான் ஆற்று நீர் அடைத்த சிறு குப்பிகளும், ஒலிவ மரத்தில் கடைந்த செபமாலைகளும் பங்கிடப்படும். பின்னர் கைப்பேசியில் எடுத்த படங்கள் கைமாறும். ஐந்நூறு படங்களில் ஐம்பதைப் பார்த்து முடிப்பதற்குள் குழந்தைகள் எழுந்து ஓடிவிடுவர். அப்பொழுது, அடுத்த முறை தாமும் செல்லவேண்டுமென்று சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்துவரும் ஓர் அம்மையார் மெல்லக் கேட்பார்: “சீனாய் மலை ஏற எத்தனை மணி நேரம் பிடிக்கும்? எனக்கு முழங்கால் வலி உண்டே, ஏறிவிடுவேனா?” படங்கள் அதற்கு விடை சொல்வதில்லை.

எங்கள் பங்கில் அந்த விடையைச் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகம். 2014-ஆம் ஆண்டில் நாங்கள் 42 பேர் யோர்தான், இஸ்ராயேல், எகிப்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் சென்றபோது நான் எழுதத் தொடங்கிய 200 பக்க நோட்டு அது. இலக்கியம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. எந்த எல்லைச் சாவடியில் எத்தனை மணி நேரம் காத்து நின்றோம். பெத்லெகேம் பேராலயத்தின் வாயில் எவ்வளவு தாழ்வானது, குனியாமல் நுழைய முயன்று நெற்றியை இடித்துக்கொண்டது யார். சீனாய் மலையில் ஒட்டகப் பாதை முடிந்த பின்னும் 750 படிகள் மீதமிருப்பதை ஒட்டகக்காரர் முன்கூட்டிச் சொல்லமாட்டார் என்ற செய்தி. இவைபோன்றவையே அதில் நிறைந்துள்ளன. திரும்பி வந்த பின் ஒருவர் இரவல் கேட்டார். கொடுத்தேன். அடுத்த ஆண்டுகளில் சென்றவர்கள் அதைக் கையோடு எடுத்துச் சென்று, நான் எழுதியதன் ஓரத்திலும், பின்னே வெறுமையாக இருந்த பக்கங்களிலும் தங்கள் குறிப்புகளைச் சேர்த்தனர். இன்று அந்நோட்டில் ஆறு பேருடைய கையெழுத்து இருக்கிறது.

அதில் நான் எழுதிய ஒரு வரி பொய். அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. சாக்கடலோரமாகப் பேருந்து சென்றுகொண்டிருந்தபோது வழிகாட்டி உப்புப் பாறை ஒன்றைச் சுட்டிக்காட்டி, இதுவே லோத்தின் மனைவி என்று சொன்னார். எல்லாரும் ஒரு பக்கத்துச் சாளரங்களுக்குப் பாய்ந்தனர். நான் மறுபக்கத்தில் அமர்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். எழுந்து பார்ப்பதற்குள் பேருந்து வளைவு திரும்பிவிட்டது. ஆயினும் அன்றிரவு விடுதியில் அமர்ந்து, ‘லோத்தின் மனைவி உப்புத்தூணாக நிற்பதைக் கண்டோம், மெய் சிலிர்த்தது’ என்று எழுதி வைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: “தம்பி, நீங்கள் பார்த்ததாக எழுதியிருந்தீர்களே, எங்களுக்கு யாரும் காட்டவில்லையே. நான் வழியெல்லாம் அதையே தேடிக்கொண்டு வந்தேன்.” என்ன விடை சொல்வது? வேறு பாதையில் சென்றிருப்பீர்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். ஒரு பொய்யின்மேல் இன்னொன்று.

இந்த நிகழ்ச்சிக்குப் பின்னர்தான், இத்தகைய குறிப்பேடுகளை நமக்கு முன்னே எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். புனித நாட்டுக்குச் சென்ற கிறிஸ்தவர் எழுதியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றில் மிகப் பழமையானது கி.பி. 333-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பொர்தோ நகரிலிருந்து புறப்பட்ட ஒருவருடையது. அவர் பெயர் தெரியாது. ஊர்ப் பெயர்கள், இடையே உள்ள தூரம், குதிரை மாற்றும் சாவடிகள் என்று பெரும்பகுதி பட்டியலாகவே செல்கிறது. வழி தெரிகிறது, வழி நடந்த மனிதர் தெரியவில்லை.

அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரு பெண் எழுதினார். அவர் பெயர் எகேரியா. மேற்கே அத்திலாந்திக்குக் கடலோரத்து நாடு ஒன்றிலிருந்து, ஸ்பானியாவின் கலீசியாவாக இருக்கலாம் என்பர், புறப்பட்டு, 381-ஆம் ஆண்டு முதல் 384-ஆம் ஆண்டு வரை கீழ்த்திசையில் சுற்றி வந்தவர். யெருசலேமில் தங்கியிருந்து, எகிப்து, சீனாய், நேபோ மலை, மெசொப்பொத்தாமியா என்று ஒவ்வொன்றாகச் சென்று கண்டார். ஊரில் தங்கிவிட்ட தம் சகோதரிகளுக்கு அவர் எழுதிய நீண்ட மடலே அந்தப் பயணக் குறிப்பு. அச்சகோதரிகள் மடத்துக் கன்னியரா அல்லது பக்தியுள்ள குடும்பப் பெண்களா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவராயினும், பக்கத்துக்குப் பக்கம் அவர்களை மரியாதையோடு விளித்தே எழுதுகிறார் எகேரியா. எழுதும்போது அவர்களின் முகங்கள் அவர் கண்முன் இருந்தன என்பதில் ஐயமில்லை.

சீனாய் மலையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. முழங்கால் வலிக்கார அம்மையாருக்கு வேண்டிய விடை அங்கே இருக்கிறது! மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏற இயலாது என்றும், சுவரில் ஏறுவதுபோல நேரே ஏறவேண்டும் என்றும், விலங்கின்மீது அமர்ந்து செல்ல வழியில்லாமல் நடந்தே ஏறியதாகவும், ஞாயிறு காலையில் புறப்பட்டு முற்பகல் பத்து மணியளவில் உச்சியை அடைந்ததாகவும் அவர் குறிக்கிறார். உச்சியில் சிறு கோவில் ஒன்று இருந்தது. அங்கே விவிலியத்தில் அவ்விடத்துக்குரிய பகுதியை வாசித்தனர், பலி நிறைவேற்றினர், இறங்கும் வேளையில் அங்குள்ள துறவியர் அம்மலையில் விளைந்த பழங்களைக் காணிக்கையாகக் கொடுத்தனர். எந்த இடத்துக்குச் சென்றாலும் முதலில் செபம், பின்னர் அவ்விடத்தைப் பற்றிய வேதப் பகுதி, அதன்பின் பொருத்தமான சங்கீதம், மீண்டும் செபம் என்பதே அவருடைய முறை. நாமோ இறங்கியதும் முதலில் தேடுவது படம் பிடிக்க வாகான இடத்தை.

யூப்பிரத்தீசு ஆற்றை அவர் வருணிக்கும் விதம் எளிமையானது. ரோன் ஆற்றைப் போல விரைந்து ஓடுகிறது, ஆனால் அதைவிடப் பெரியது என்கிறார். ரோன் ஆறு அவருடைய சகோதரிகளுக்குத் தெரிந்த ஆறு போலும். ‘தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது இருக்குமே, அதுபோல’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதில்லையா?

இனி, நான் சொல்ல வந்த இடம். நேபோ மலை உச்சியில் நின்று யோர்தான் நதி சாக்கடலில் கலப்பதையும், அக்கரையையும், சோதோம் இருந்த பக்கத்தையும் அவர் பார்க்கிறார். லோத்தின் மனைவி உப்புத்தூணாக நின்ற இடமும் காட்டப்படுகிறது. வேத நூலில் படித்த தூணைக் காண எத்தனை ஆவலோடு வந்திருப்பார்! ஊரிலுள்ள சகோதரிகளும் அதைப் பற்றி அறியக் காத்திருந்திருப்பர். ஆனால் எகேரியா எழுதுவது இதுதான்: இடத்தை மட்டுமே கண்டோம், தூண் எதையும் காணவில்லை, இந்தச் செய்தியில் உங்களை ஏமாற்ற என்னால் இயலாது. தூணைக் கடல் மூடிக்கொண்டுவிட்டதாக அப்பகுதி ஆயர் கூறியதையும் சொல்லி, அது கேள்விப்பட்ட செய்தி என்று விளங்கும்படியே எழுதி நகர்ந்துவிடுகிறார்.

பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னர், சரிபார்க்க எவரும் பின்தொடர்ந்து வரப்போவதில்லை என்ற நிலையில், ஒரு பெண் தாம் காணாததைக் காணவில்லை என்று எழுதினார். அதே தூணைப் பற்றித்தான் நான் மெய் சிலிர்த்ததாக எழுதியிருந்தேன். அன்று மாலையே நோட்டை எடுத்து அவ்வரியை அடித்துவிட்டு, ‘நான் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன்’ என்று எழுதினேன். பின்னர் அந்த மூதாட்டியின் வீட்டிற்கும் சென்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அப்படியானால் நான் தேடியது வீண் போகவில்லை, வழியெல்லாம் முழித்துக்கொண்டே வந்தேன்” என்றார்.

எகேரியா எதெஸ்ஸா நகருக்குச் சென்றதைப் பற்றித் தமிழ் வாசகர்கள் தனியே அறியவேண்டும். புனித தோமையாரின் திரு எலும்புகள் மயிலாப்பூரிலிருந்து அந்நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பது பழைய மரபு. 384-ஆம் ஆண்டு எகேரியா அங்கே சென்று அப்போஸ்தலரின் திருத்தலத்தில் செபித்து மூன்று நாள் தங்கினார். சாந்தோமில் முழந்தாளிட்டு எழுந்த நம்மவர் எவரும் அப்பக்கங்களைச் சும்மா கடந்து செல்ல இயலாது. உலகின் கடைக்கோடியிலிருந்து வந்திருக்கிறாயே மகளே என்று அந்நகர ஆயர் அவரை வரவேற்று, எல்லா இடங்களையும் தாமே அழைத்துச் சென்று காட்டினார். எதெஸ்ஸாவின் அரசன் அப்கார் இயேசுவுக்கு எழுதியதாகவும், இயேசு அவனுக்கு மறுமொழி விடுத்ததாகவும் அக்காலத்தார் போற்றிய இரு மடல்களின் படிகளை ஆயர் அவருக்குக் கொடுத்தார். ஊரில் ஏற்கெனவே இவற்றின் படி நம்மிடம் உண்டு, ஆனால் இங்கே கிடைத்தது இன்னும் முழுமையானதாகத் தோன்றுகிறது, திரும்பி வந்ததும் நீங்களே படித்துக்கொள்ளலாம் என்று சகோதரிகளுக்கு எழுதுகிறார். பிறருக்காகப் பயணம் செய்பவரின் மனம் இவ்வரிகளில் தெரிகிறது.

யெருசலேமில் பரிசுத்த வாரம் அக்காலத்தில் எவ்வாறு கொண்டாடப்பட்டது என்பதை நமக்கு விரிவாகச் சொல்வதும் இம்மடலே. குருத்து ஞாயிறன்று மக்கள் ஒலிவ மலையிலிருந்து நகருக்குள் இறங்கி வருகின்றனர். நடக்கத் தெரியாத குழந்தைகளும் பெற்றோரின் தோள்மீது அமர்ந்து கிளைகளை ஏந்தி வருகின்றன. முதியோர் களைத்துப் போகாதபடி பவனி மெல்ல மெல்ல நகர்கிறது. பெரிய வெள்ளியன்று திருச்சிலுவை மரத்தை மக்கள் முத்தி செய்யும்போது திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காவல் காக்கின்றனர். ஏனெனில் முன்பு ஒருமுறை எவரோ முத்தமிடுவதுபோல் குனிந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாராம்! ஆயர் கிரேக்கத்தில் பேசுவதை ஒரு குரு சிரியாக் மொழியில் சொல்கிறார். இரண்டும் அறியாத இலத்தீன் மக்களுக்கு இரு மொழியும் தெரிந்த சகோதரர்கள் விளக்குகின்றனர். யாரும் விளங்காமல் வருந்தவேண்டியதில்லை என்பதையும் எகேரியா மறவாமல் குறிக்கிறார். அடுத்து வரப்போகிறவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன உண்டு?

இத்தகைய மடல் ஏறத்தாழ அழிந்தே போயிற்று. 7-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய நாட்டுத் துறவி வலேரியுசு தம் சகத் துறவியருக்கு எகேரியாவைப் புகழ்ந்து ஒரு கடிதம் எழுதினார். அதன்பின் நெடுங்காலம் பலரும் அறியாமல் மறைந்திருந்தது. 1884-ஆம் ஆண்டு இத்தாலியில் அரெஸ்ஸோ நகர நூலகத்தில் கமுரீனி என்ற அறிஞர் 11-ஆம் நூற்றாண்டுக் கைப்படி ஒன்றில் இதனைக் கண்டெடுத்தார். முதல் தாள்களும் இறுதித் தாள்களும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. வலேரியுசின் கடிதத்தை ஒப்பிட்டே 1903-ஆம் ஆண்டில் பெயர் கண்டறியப்பட்டது. கொன்ஸ்தாந்தினோப்பிள் நகரிலிருந்து எழுதும்போது எகேரியா, இன்னும் எபேசுக்குச் செல்ல எண்ணியிருப்பதாகவும், உயிரோடிருந்தால் நேரில் சொல்வதாக அல்லது எழுதுவதாகவும், உடலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம்மை நினைத்துக்கொள்ளும்படியும் கேட்கிறார். அவர் ஊர் திரும்பினாரா என்பது எவருக்கும் தெரியாது.

எகேரியாவுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, செர்மனியின் உல்ம் நகரில் பெலிக்ஸ் பாப்ரி என்ற தொமினிக்கன் துறவி இருந்தார். 1480-இல் ஒருமுறை புனித நாட்டுக்குச் சென்றார். ஒன்பதே நாட்கள். இடங்களை எல்லாம் ஓட்டமாக ஓடிக் கண்டதில் திரும்பி வந்தபோது மனத்தில் ஒன்றும் தெளிவாக நிற்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பத்து நாள் சுற்றுலாவில் சென்று வந்த நமக்கு இது புரியாததல்ல. ஆகவே கிடைத்த நூல்களையெல்லாம் படித்துவிட்டு 1483-இல் மறுபடியும் புறப்பட்டார். இம்முறை ஒரு நாளும் தவறாமல் எழுதினார். கடற்புயலிலும், பாலைவனத்தில் கழுதையின்மேலும் ஒட்டகத்தின்மேலும் அமர்ந்தவாறும் எழுதினார்.

அவருடைய நூலில் திருத்தலங்களுக்கு எவ்வளவு இடமோ, ஏறக்குறைய அவ்வளவு இடம் கப்பல் வாழ்க்கைக்கும் உண்டு. படுக்கும் பலகைக்காகச் சண்டை, எலி, பேன், கெட்டுப்போன உணவு, விளக்கை அணைக்காமல் பேசிக்கொண்டிருந்தவர்மேல் ஆத்திரம் கொண்டு சிலர் இரவுக் கலத்தையே வீசி விளக்கை அணைத்த கதை எல்லாம் அங்கே உள்ளன. வெனிஸ் நகரில் கப்பல் தலைவனோடு ஒப்பந்தம் எழுதும்போது எதையெல்லாம் கேட்டு வாங்கவேண்டும் என்றும் சொல்லித் தருகிறார். துறவி ஒருவர் இவற்றையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அடுத்துக் கப்பல் ஏறப்போகும் சகோதரனுக்கு இவையன்றோ வேண்டும்!

வேறொரு சிறப்பும் உண்டு. அந்த 1483-ஆம் ஆண்டு யாத்திரையில் சீனாய்ப் பாலைவனத்தை ஒன்றாகக் கடந்தவர்களுள் பாப்ரி மட்டுமன்றி வேறு சிலரும் எழுதினர். மைன்ஸ் நகரின் பெர்னார்டு பிரைடன்பாக் அவர்களுள் ஒருவர். அவர் தம்மோடு ஓவியர் எர்கார்டு ராய்விக் என்பவரை அழைத்துச் சென்று, 1486-இல் படங்களோடு நூலை அச்சிட்டார். அதிலுள்ள வெனிஸ் நகரப் படத்தை மடிப்பு விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். பிரான்சிஸ்கன் துறவி பவுல் வால்தரும் குறிப்பு எழுதினார். ஒரே பாலைவனம், ஒரே தாகம், ஒரே ஒட்டக வரிசை. ஆயினும் மூன்று நூல்களும் மூன்று விதம். உடன் வந்தோரின் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போதுதான், நம் கண் எதை விட்டுவிட்டது என்பது நமக்குத் தெரிகிறது.

பாப்ரி எழுதியவற்றுள் என்னைத் தலைகுனிய வைத்தது அவருடைய முதல் யாத்திரையின் ஒரு நிகழ்ச்சி. அந்தக் கப்பலில் வயது முதிர்ந்த பெண்கள் சிலர் ஏறினர். இத்தள்ளாத வயதில் இவர்களுக்கு எதற்கு யாத்திரை, இவர்களோடு பயணம் செய்வது நமக்கு இழுக்கு என்று சில பிரபுக்கள் முணுமுணுத்தனர். திரும்பும் வழியில் அந்த வீரர்கள் ஒவ்வொருவராக நோயில் விழுந்தனர். கப்பலில் மருந்தில்லை, நல்ல உணவில்லை. அப்பொழுது நோயில்லாமல் நடமாடி, படுக்கை படுக்கையாகச் சென்று பணிவிடை செய்தவர்கள் அம்மூதாட்டியரே. இகழ்ந்தவர்களுக்கு இது தக்க பாடம் என்று பாப்ரி ஒளிவின்றி எழுதி வைத்தார்.

எங்கள் 2014-ஆம் ஆண்டுக் குழுவில் ஒரு வயதான தம்பதியர் வந்திருந்தனர். அண்ணாச்சி ஒவ்வொரு நாள் காலையிலும் பேருந்துக்குப் பிந்தியே வருவார். 41 பேர் இருக்கையில் அமர்ந்து காத்திருப்போம். கானாவூரில் வைத்து நான் எரிச்சலோடு நோட்டில் எழுதினேன்: ‘இன்றும் 20 நிமிடம் தாமதம். இவர்கள் இருவரால் மற்ற 40 பேருக்கும் நேரம் வீண். இனி வருவோர் இத்தகையவரைச் சேர்க்காதிருப்பது நலம்.’ பெயர் எழுதவில்லை. ஆனால் பெயர் எழுதாவிட்டால் என்ன? குழுவில் வந்த எவருக்கும் யாரென்று தெரியும். நோட்டு வீடு வீடாகச் சென்றபோது இந்தப் பக்கம் என் நினைவிலேயே இல்லை. ஒரு நாள் அது அவர்கள் வீட்டிற்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அண்ணாச்சியின் மனைவியே நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. “தம்பி, அவர்களுக்குச் சர்க்கரை வியாதி. காலில் புண் இருந்தது. காலையில் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும். ஓட்டலில் வெந்நீர் வருவதற்குத்தான் நேரமாகிவிடும். சொன்னால் யாத்திரையிலிருந்து பாதியில் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை” என்றார். சீனாய் மலையடிவாரத்தில் அண்ணாச்சி ஏறாமல் விடுதியிலேயே தங்கிவிட்டதை, சோம்பல் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அம்மையார் வேண்டாமென்று கையமர்த்தினார். பேனாவை வாங்கி, நான் எழுதியதன் கீழேயே எழுதத் தொடங்கினார். புண் உள்ளவர்கள் என்னென்ன எடுத்துச் செல்லவேண்டும், இன்சுலின் மருந்தைச் சூட்டில் கெடாமல் எப்படி வைத்துக்கொள்ளவேண்டும், மருத்துவர் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கவேண்டும், குழுத் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிடவேண்டும், மறைப்பது தவறு என்று ஒன்றரைப் பக்கம். நோட்டில் இன்று அதிகமாகப் படி எடுக்கப்படும் பக்கம் அதுவே. உடன் வந்தோரைப் பற்றி நான் எழுதும் வரிகளை இப்போது முதலில் அவர்களிடமே படித்துக் காட்டிவிடுகிறேன். சிலர் மாற்றச் சொல்வர், மாற்றிவிடுவேன். ஒருவர் மட்டும் தாம் ஒட்டகத்திலிருந்து விழுந்ததை இன்னும் விரிவாக எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

உடன் பயணியின் குரலையும் சேர்த்துச் சுமக்கவேண்டிய நிலை சில குறிப்பேடுகளுக்கு நேர்ந்துவிடுகிறது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பாறேம்மாக்கல் தோமா கத்தனார் எழுதிய ‘வர்த்தமானப் புஸ்தகம்’ அத்தகையது. தோமையார் வழிக் கிறிஸ்தவர்களின் குறைகளை உரோமையிலும் லிஸ்பன் நகரிலும் எடுத்துரைக்க, கரியாட்டில் யோசேப்பு மல்பானும் அவரும் 1778-ஆம் ஆண்டு நம் சென்னைப் பட்டணத்தில்தான் கப்பல் ஏறினர். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பிரேசில் நாட்டைத் தொட்டு, 1779-இல் லிஸ்பனையும் 1780-இல் உரோமையையும் அடைந்தனர். 1783-இல் கரியாட்டில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஊர் திரும்பும் வழியில், 1786-இல், கோவாவில் இறந்துபோனார். எட்டு ஆண்டுகள் உடனிருந்த தோழரை அங்கே விட்டுவிட்டுத் தோமா கத்தனார் தனியே ஊர் திரும்பினார். இருவரும் பட்ட பாட்டை ஊராருக்குச் சொல்ல அந்த நூலே இருந்தது. அதுவும் நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்து 1936-ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முதல் பயண நூல் என்று இதனைப் போற்றுவர்.

பாப்ரி செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். மடத்துச் சகோதரர்களுக்காக இலத்தீனில் விரிவான நூல் எழுதியவர், பொதுமக்களுக்கென்று செர்மானிய மொழியில் சுருக்கமாகவும் எழுதினார். பின்னர், 1492-இல், அடைபட்ட மடங்களில் வாழ்ந்த கன்னியருக்காகத் தனியே ஒரு நூல் இயற்றினார். அவர்கள் மடத்தின் வாயிலைத் தாண்டி வெளியே செல்ல இயலாதவர்கள். ஆகவே நாளுக்கு ஒரு கட்டமாக வழியைப் பிரித்து, இன்று இந்த ஊர், நாளை இந்தக் கடல், அடுத்து இந்தத் திருத்தலம் என்று மனத்தாலேயே யாத்திரை செய்யும்படி அமைத்தார். அதற்குக் கப்பல் கூலி இல்லை. பேனும் எலியும் இல்லை. இப்படியும் ஒரு யாத்திரையா என்று முதலில் படித்தபோது எனக்குச் சற்று நகைப்பாகவே இருந்தது.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்று வந்தது. எங்கள் பங்கிலிருந்து புறப்படவிருந்த குழுவின் பயணம் நின்றுபோயிற்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் போர் மூண்டபோது, மறுபடியும் திட்டமிட்டிருந்த பயணமும் நின்றது. நோட்டு என் அலமாரியிலேயே கிடந்தது. பெருந்தொற்றின் அந்த முதல் ஆண்டிலேயே ஒரு நாள் அண்ணாச்சியின் மனைவி ஆளனுப்பி நோட்டைக் கேட்டார். அண்ணாச்சியின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் கட்டிலைவிட்டு எழ இயலாத நிலை; கோவில்களும் அடைத்திருந்தன.

நான்கு மாதங்கள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. மாலை செபம் முடிந்ததும் நாளுக்கு ஒரு பக்கமாக அம்மையார் படிக்க, அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அவருக்கு மாறுபட்ட நினைவு இருந்த இடங்களிலெல்லாம் அவர் சொல்லச் சொல்ல அம்மையார் ஓரத்தில் எழுதியிருந்தார். தாபோர் மலையில் அன்று காற்று வீசவில்லை, மழைத் தூறல்தான் என்று ஒரு திருத்தம். கப்பர்நாகுமில் தேநீர் வாங்கித் தந்தவர் யார் என்று ஒரு திருத்தம். கானாவூர்ப் பக்கத்தில் நான் எழுதிய எரிச்சல் வரிக்கு அருகில், ‘20 நிமிடம் அல்ல, 35’ என்று இருந்தது.

சீனாய் மலையைப் பற்றிய பக்கங்களில்தான் அதிக எழுத்து. மலை ஏறாத அண்ணாச்சி அன்றிரவு விடுதி வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாராம். எங்கள் கைவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையில் ஏறிச் செல்வதை விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்ததாகவும், விளக்குகளை எண்ணிப் பார்த்ததாகவும், எங்கள் குழுவினரது எது, பிறரது எது என்று பிரித்தறிய முடியவில்லை என்றும் சொல்லி எழுத வைத்திருக்கிறார். மலை ஏறிய எங்களில் எவரும் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி 2021-இல் இறந்தார். நோட்டில் இன்னும் பதினொரு பக்கங்கள் வெறுமையாக உள்ளன. முழங்கால் வலிக்கார அம்மையார் போன வாரம் அதை வாங்கிச் சென்றிருக்கிறார்.